ஆயிரம் பேரைக் கேட்டால் போதுமா? சமூக அறிவியல் ஆய்வு முறைகளுக்கு ஓர் அறிமுகம்

"ஆய்வில் தெரியவந்துள்ளது" என்று தொடங்கும் செய்தி நாளுக்கு ஒன்றாவது கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. இளைஞர்களில் இத்தனை சதவீதம் பேர் புத்தகமே படிப்பதில்லை, பெண்களில் இத்தனை சதவீதம் பேர் வேலைக்குப் போக விரும்பவில்லை என்று ஏதாவது ஒன்று. நம் கருத்தோடு ஒத்துப்போனால் உடனே பகிர்கிறோம். ஒத்துப்போகாவிட்டால், "ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு ஏழு கோடிப் பேரைப் பற்றிப் பேசுகிறார்கள்" என்று ஒதுக்கிவிடுகிறோம். எப்படியானாலும் அந்த ஆய்வு எப்படிச் செய்யப்பட்டது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஆய்வு செய்யப் போகிறவர்களிடமும் இந்தக் குழப்பம் உண்டு. முதுகலை மாணவர்களும் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்பவர்களும் மத்திய அரசின் ஸ்வயம் போன்ற இணையக் கல்வித் தளங்களில் ஆய்வு முறையியல் அறிமுகப் பாடத்தில் சேர்கிறார்கள். அவர்களில் பலர் மனதில் ஆய்வு முறை என்பது இரண்டு பொருள்கள்தான்: கூகுள் ஃபார்மில் ஒரு வினாப்பட்டியல், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் சில அட்டவணைகள். மாணவர்களின் ஆய்வேடுகளைப் படிக்கும் வேலையில் இருப்பதால் சொல்கிறேன், மாதக்கணக்கில் உழைத்துத் திரட்டிய தரவு, ஆரம்பத்தில் விட்டுப்போன ஒரே ஒரு கேள்வியால் பயனில்லாமல் போவதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அறிமுகப் பாடம் கற்றுத்தருவது ஒரு திறமையைத்தான். கையில் இருக்கும் சான்றை வைத்துக்கொண்டு எதுவரை பேசலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று கணிக்கும் திறமை. அதற்கு எந்த ஆய்விடமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். என்ன கேட்டார்கள்? யாரைக் கேட்டார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்?

இருவேல்பட்டில் தொடங்குவோம்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1916இல் அவர் தம் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யார் கையில், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று வீட்டையும் வயலையும் பற்றிய கேள்விகள். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு, திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், வடஆற்காட்டுத் தூசி, தஞ்சைப் பகுதியின் பாலக்குறிச்சி, அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம் ஆகிய ஊர்கள் இப்படிப் பதிவாயின. 1918இல் அது நூலாகவும் வந்தது.

இதன் அருமை பிற்பாடுதான் தெரிந்தது. அதே ஊர்களுக்கு 1930களில் வேறு ஆய்வாளர்கள் போனார்கள். 1980களில் மறுபடியும் போனார்கள். இருவேல்பட்டை 2008இலும் ஆய்வு செய்தார்கள். ஒரே ஒரு நிலக்கிழார் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊர், தொண்ணூறு ஆண்டுகளில் அந்தப் பிடி தளர்ந்து, விவசாயக் கூலியை மட்டும் நம்பியிராத ஊராக மாறிய கதை நமக்குக் கிடைத்திருக்கிறது. ஊர்ப் பெரியவர்களின் ஞாபகத்தை மட்டும் கேட்டிருந்தால் இப்படிக் கிடைத்திருக்காது. அன்றே எழுதி வைத்ததும், அடுத்து வந்தவர்கள் ஒப்பிடக்கூடிய விதத்தில் கேட்டதும்தான் காரணம். ஆய்வு முறை என்பதே இதுதான்: இன்னொருவர் சரிபார்க்கக்கூடிய விதத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்வது.

ஆனால் இருவேல்பட்டை வைத்துக்கொண்டு, "தமிழ்நாட்டில் இத்தனை சதவீதக் கிராமங்களில் நிலக்கிழார் பிடி தளர்ந்துவிட்டது" என்று சொல்ல முடியாது. ஒரு மாற்றம் எப்படி நடக்கிறது என்பதை ஓர் ஊர் ஆழமாகக் காட்டும். எத்தனை ஊரில் நடந்தது என்பதைக் காட்டாது. முதல் வகைக் கேள்விக்கு நேர்காணல், கூட இருந்து கவனித்தல் ஆகியவற்றின் வழியாக விடை தேடுவது பண்புசார் ஆய்வு. இரண்டாம் வகைக் கேள்விக்கு எண்களின் வழியாக விடை தேடுவது அளவுசார் ஆய்வு. எது உயர்ந்தது என்ற சண்டை கல்லூரி வளாகங்களில் ஓயாமல் நடக்கிறது. என்னைக் கேட்டால் அந்தச் சண்டைக்குப் பொருளே இல்லை. கேள்விதான் முறையைத் தீர்மானிக்க வேண்டும்.

என்ன கேட்டார்கள்?

ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறுபடும் எதையும் மாறி என்பார்கள். வயது ஒரு மாறி, வருமானம் ஒரு மாறி. வயதைக் கேட்பது எளிது. வறுமை, மகிழ்ச்சி, வேலை, சாதிப் பாகுபாடு போன்றவற்றை அப்படியே அளக்க முடியாது. "இந்த ஆய்வில் வேலை என்று நான் எண்ணப்போவது இன்னின்ன செயல்களை" என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் செயல் வரையறை. ஆய்வின் தலையெழுத்து பெரும்பாலும் இங்கேதான் எழுதப்படுகிறது.

கணக்கெடுப்பாளர் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் கணவர். "உங்க வீட்டம்மா என்ன வேலை பாக்குறாங்க?" "அவ ஒண்ணும் பாக்கல சார், வீட்லதான் சும்மா இருக்கா." அந்த அம்மா கொல்லைப்புறத்தில் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருக்கிறார். விடியற்காலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்தவர். அரசின் வரையறைப்படி பால் கறந்து விற்பது வேலைதான். ஆனால் அதைக் குறிப்பாகக் கேட்டால்தான் பதிலில் வரும். கேட்காமல் விட்டால் அவர் "வீட்டு வேலை மட்டும்" என்ற கட்டத்தில் விழுந்து, உழைப்பாளர் கணக்கிலிருந்தே வெளியேறிவிடுகிறார். நாட்டில் வேலை செய்யும் பெண்களின் சதவீதம் குறைவு என்ற செய்திக்குப் பின்னால் இந்த வாசலும் ஒரு காரணம்.

இதையே வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், "வேலை பார்க்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகரவில்லை. முந்தின நாள் காலை நான்கு மணியில் தொடங்கி இருபத்துநான்கு மணி நேரத்தை அரை மணி அரை மணியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஊதியமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவிட்டது 299 நிமிடம் என்று தெரிந்தது. அதே வேலையில் கை வைத்த ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அப்படிக் கை வைத்தவர்களும் மொத்த ஆண்களில் நாலில் ஒரு பங்கு அளவில்தான் இருந்தார்கள். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரத்தை "சும்மா" என்ற ஒற்றை விடை மறைத்து வைத்திருந்தது.

இங்கே இரண்டு கலைச்சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது. பலரும் இவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் ஒரே விடை வந்தால் அந்த அளவீட்டுக்கு நம்பகம் இருக்கிறது. அளக்க நினைத்ததையே அது அளந்தால் அதற்கு ஏற்புடைமை இருக்கிறது. அந்தக் கணவரை நாளைக்கும் கேளுங்கள், அடுத்த வாரமும் கேளுங்கள், "சும்மா இருக்கா" என்றுதான் சொல்வார். விடையில் நம்பகம் முழுமையாக உண்டு, ஏற்புடைமை இல்லை. மென்பொருள் போட்டுக்கொடுக்கும் நம்பகக் குறியீட்டு எண்ணைப் பெருமையோடு ஆய்வேட்டில் ஒட்டுபவர்கள் இந்த வேறுபாட்டை யோசிக்க வேண்டும்.

கேள்வி எவ்வளவு சிறிதாக மாறினாலும் விளைவு பெரிதாக இருக்கலாம். கடந்த எத்தனை நாள் செலவைக் கேட்கிறோம் என்பதை நினைவுக் காலம் என்பார்கள். 1999–2000இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 55ஆவது சுற்றில், உணவுச் செலவைப் பற்றிக் கடந்த 7 நாளுக்கும் கடந்த 30 நாளுக்கும் ஒரே படிவத்தில் அருகருகே இரண்டு பத்திகளில் கேட்டார்கள். ஒரு விடை இன்னொன்றை இழுத்து, செலவைக் கூட்டியும் அதனால் வறுமையைக் குறைத்தும் காட்டியது என்று பொருளியலாளர்கள் சந்தேகப்பட்டார்கள். 1993–94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 சதவீதமாக இறங்கியதாக அரசு சொன்னபோது, அதில் எவ்வளவு உண்மையான இறக்கம், எவ்வளவு படிவத்தின் வேலை என்று ஆண்டுக்கணக்கில் விவாதம் நடந்தது. கோடிக்கணக்கான ஏழைகளின் கணக்கு இரண்டு பத்திகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது.

சுருக்கமாக: எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கேள்வியைப் பாருங்கள். யாரிடம், எந்தச் சொற்களில், எவ்வளவு காலத்தைப் பற்றிக் கேட்டார்கள் என்பதைச் சொல்லாத ஆய்வை நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

யாரைக் கேட்டார்கள்?

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். யாரைப் பற்றிப் பேசப்போகிறோமோ அவர்கள் அனைவரும் முழுமைத்தொகுதி. அவர்களிலிருந்து நாம் உண்மையில் கேட்பவர்கள் மாதிரி. ஏழு கோடிக்கு ஆயிரம் போதுமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அரைப்படி உலை வைத்தாலும் கல்யாணத்துக்கு அண்டா உலை வைத்தாலும் நசுக்கிப் பார்ப்பது சில பருக்கைகளைத்தான். அண்டா பெரிது என்பதற்காகக் கூடை நிறைய எடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் சமைப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த நிபந்தனை ஒன்று உண்டு: பருக்கையை எடுப்பதற்கு முன் கரண்டியை அடிவரை விட்டுக் கிளற வேண்டும். விறகு அடுப்பில் ஒரு பக்கம் தீ அதிகமாக இருந்து, மேலாக மட்டும் எடுத்துப் பார்த்தால், எத்தனை பருக்கை எடுத்தாலும் பதம் தெரியாது.

ஆய்வில் அந்தக் கிளறலுக்குப் பெயர் சமவாய்ப்பு மாதிரி. முழுமைத்தொகுதியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு முன்கூட்டியே திட்டமிட்டபடி கிடைக்க வேண்டும். யாரைக் கேட்பது என்பதை ஆய்வாளரின் விருப்பமோ பதில் சொல்பவரின் ஆர்வமோ தீர்மானிக்கக் கூடாது. அப்படி எடுத்த ஆயிரம் பேரிடம் வரும் சதவீதம், உண்மையான சதவீதத்திலிருந்து பெரும்பாலும் மூன்று புள்ளிகளுக்குள் மேலேயோ கீழேயோ இருக்கும். நூற்றில் தொண்ணூற்றைந்து தடவை இது பலிக்கும் என்பது கணிதம் தரும் உறுதி. இந்த இடைவெளியைப் பிழை வரம்பு என்கிறார்கள். அதைப் பாதியாகக் குறைக்க வேண்டுமென்றால் நாலாயிரம் பேர் வேண்டும். தமிழ்நாடு முழுமைக்குமா, இந்தியா முழுமைக்குமா என்பதால் இந்தக் கணக்கு அநேகமாக மாறுவதே இல்லை. முதல் முறை கேட்பவர்களுக்கு நம்ப முடியாததாகத் தோன்றும். எனக்குத் தெரிந்து அறிமுகப் பாடத்தில் மாணவர்கள் அதிகம் திகைப்பது இந்த இடத்தில்தான்.

கிளறாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் 1936இல் நடந்ததை உலகம் முழுக்கப் பாடத்தில் வைத்திருக்கிறார்கள். லிட்டரரி டைஜெஸ்ட் என்ற இதழ் ஒரு கோடி வாக்காளர்களுக்கு அட்டைகள் அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கியது. அதிபர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்றது. வென்றவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46இல். முகவரிகளை எடுத்தது பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியல், கார் உரிமையாளர் பட்டியல் போன்றவற்றிலிருந்து. கடும் பொருளாதார மந்தக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல்கள். போதாக்குறைக்கு, அட்டை பெற்றவர்களில் நாலில் ஒருவர்கூடச் சரியாகப் பதில் அனுப்பவில்லை. ஒரு பக்கமாகவே சாயும் இந்த வகைப் பிழையைச் சாய்வு என்பார்கள். எண்ணிக்கையைக் கூட்டினால் பிழை வரம்பு குறையும், சாய்வு குறையாது.

நேர்மாறான உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2020 ஆகஸ்ட் இறுதியில் இந்தியாவில் பதிவான கொரோனா தொற்றுகள் முப்பத்தைந்து லட்சத்தைத் தாண்டியிருந்தன. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அரை சதவீதம்கூட இல்லை. அந்த எண்ணிக்கையில் இருந்தவர்கள் பரிசோதனைக்கு வந்தவர்கள் மட்டுமே. அதே சமயத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 70 மாவட்டங்களில் 700 கிராமங்களையும் வார்டுகளையும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் நாற்பது பேர் அளவில், மொத்தம் 29,082 பேரின் இரத்தத்தில் எதிர்ப்பணுக்கள் இருக்கின்றனவா என்று பார்த்தது. அறிகுறி இருந்ததா, பரிசோதனைக்குப் போனார்களா என்பதெல்லாம் தேர்வில் குறுக்கிடவில்லை. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ பதினைந்து பேருக்கு ஒருவருக்குத் தொற்று வந்து போயிருந்தது என்று தெரிந்தது. லட்சக்கணக்கான பதிவுகள் காட்டாததை முப்பதாயிரம் பேருக்கும் குறைவான மாதிரி காட்டியது.

இனி அந்த கூகுள் ஃபார்ம். நண்பர்கள், உறவினர்கள், கல்லூரி வாட்ஸ்அப் குழுக்கள் என்று அனுப்பி ஐந்நூறு பதில் வாங்குவது வசதி மாதிரி. அதைச் செய்யவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பணமும் நேரமும் இல்லாத மாணவர்களுக்குச் சில சமயம் அதுதான் வழி. ஆனால் அதை வைத்து "தமிழக இளைஞர்களில் 62 சதவீதம்" என்று எழுதும் உரிமை வராது. "பதில் தந்தவர்களில்" என்று எழுதுங்கள். அந்த ஒரு சொற்றொடர் ஆய்வை நேர்மையாக்கிவிடும்.

எதோடு ஒப்பிட்டார்கள்?

டியூஷன் போகும் பிள்ளைகள் அதிக மதிப்பெண் வாங்குகிறார்கள். அதனால் டியூஷன் மதிப்பெண்ணைக் கூட்டுகிறதா? இரண்டு மாறிகள் சேர்ந்து ஏறி இறங்குவது ஒட்டுறவு. ஒன்று மற்றொன்றை உண்டாக்குவது காரணத் தொடர்பு. டியூஷனுக்கு அனுப்பும் வீட்டில் வருமானமும் இருக்கலாம், படித்த பெற்றோரும் இருக்கலாம். டியூஷனை நிறுத்தினாலும் அந்தப் பிள்ளை அதே மதிப்பெண் வாங்கக்கூடும். இப்படி இரண்டையும் பின்னாலிருந்து இயக்கும் மூன்றாவது காரணத்தைக் குழப்பும் மாறி என்று சொல்லலாம்.

இந்தச் சிக்கலைப் பிரிக்க மிக நல்ல வழி, யாருக்கு டியூஷன் என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பது. சீட்டுக்கு வருமானம் தெரியாது, பெற்றோரின் படிப்பு தெரியாது. ஆகவே போதுமான ஆட்கள் இருந்தால் இரண்டு குழுக்களும் மற்ற எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். திட்டம் கிடைக்காத குழுவைக் கட்டுப்பாட்டுக் குழு என்பார்கள். வித்தியாசம் தெரிந்தால் அதைத் திட்டத்தின் கணக்கில் எழுதலாம்.

சமூகத்தில் எல்லாவற்றுக்கும் சீட்டுப் போட முடியாதே என்று கேட்பீர்கள். சில சமயம் அரசே நமக்காகப் போட்டு வைத்திருக்கும். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மேற்கு வங்கத்தில் எந்த ஊராட்சி என்பதை வரிசை எண்ணை வைத்து முடிவு செய்தார்கள். முற்போக்கான ஊர், பின்தங்கிய ஊர் என்று பார்க்கவில்லை. ராகபேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டஃப்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்திலும், பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளையும் ஒதுக்காதவற்றையும் ஒப்பிட்டு 2004இல் கட்டுரை வெளியிட்டார்கள். பெண் தலைவர்கள் இருந்த இடங்களில் குடிநீருக்குச் செலவு அதிகம். அதற்குமேல் ஒரு நுட்பமும் இருந்தது. வங்கத்தில் பெண்கள் சாலையைப் பற்றியும் நிறைய முறையிட்டார்கள். அங்கே பெண் தலைவர்கள் சாலைக்கும் அதிகம் செலவிட்டார்கள். ராஜஸ்தானில் சாலை ஆண்களின் முறையீடு; அங்கே பெண் தலைவர்கள் சாலைக்குக் குறைவாகவே செலவிட்டார்கள். எந்தெந்த ஊரில் பெண்கள் எதைக் கேட்டார்களோ அதன்பக்கம் பணம் போயிற்று. "பெண் தலைவர் பெயருக்குத்தான், எல்லாம் கணவர் கையில்" என்று டீக்கடையில் அடித்துப் பேசுகிறவர்களிடம் நான் எப்போதும் இந்த ஆய்வைச் சொல்கிறேன். டஃப்லோ 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவரில் ஒருவர்.

ஆக, "இதனால் அது" என்று யாராவது சொன்னால், "இது இல்லாத இடத்தில் என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டும். அந்த இடம் மற்ற விதங்களில் இதே மாதிரியான இடமா என்றும் பார்க்க வேண்டும்.

பதில் சொன்னவருக்கு என்ன ஆகும்?

பாடத்தில் நெறிமுறை என்று ஒரு பகுதி வரும். பலர் அதை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். 1950களின் தொடக்கத்தில் மானுடவியலாளர் காத்லீன் கஃப் தஞ்சாவூர்ப் பகுதியில் ஆய்வு செய்த ஊரைக் கும்பப்பேட்டை என்று எழுதினார். 1960களின் தொடக்கத்தில் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் அதே வட்டாரத்தில் தாம் தங்கிய ஊரை ஸ்ரீபுரம் என்றார். இரண்டும் புனைபெயர்கள். சாதி, நிலம், கூலி பற்றி ஒருவர் மனம் திறந்து பேசியது அச்சில் வந்து, யார் சொன்னது என்று ஊரில் தெரிந்துவிட்டால், ஆய்வாளர் ஊரைவிட்டுப் போய்விடுவார், பேசியவர் அங்கேயேதான் வாழ வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்று முதலிலேயே சொல்லி, மறுக்கவும் பாதியில் நிறுத்தவும் உரிமை உண்டு என்பதைப் புரியவைத்து வாங்கும் சம்மதத்தை அறிந்தளித்த சம்மதம் என்பார்கள். படிவத்தில் கையெழுத்து வாங்குவது அதன் ஒரு பகுதி மட்டுமே.

பாடத்தில் சேரும்போது

ஸ்வயம் தளத்தில் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும். சேருவதற்கு முன் வாரவாரியான பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். கேள்வியை வகுப்பது, அளவீடு, மாதிரி ஆகியவற்றுக்கு இடமே தராமல் நேரே புள்ளியியல் சோதனைகளுக்குப் போகும் பாடம் புள்ளியியல் பாடம். அதற்கும் தேவை உண்டு, ஆனால் முதல் பாடமாக வேண்டாம். முதல் சில வாரங்கள் எளிதாகத் தோன்றும் என்பதால் காணொளியை இரட்டை வேகத்தில் ஓட்டுகிறார்கள். நான் மேலே சொன்ன சங்கதிகள் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் இருக்கின்றன.

பயிற்சிக்கு உங்கள் தெருவிலிருந்தே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கடைக்கு யார் போகிறார்கள், பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தபின் பெண்கள் எங்கெல்லாம் போகிறார்கள் என்பது போல. பத்துக் கேள்விகளுக்குள் ஒரு வினாப்பட்டியல் எழுதி, முழு ஆய்வுக்கு முன் நாலைந்து பேரிடம் மட்டும் கேட்டுப் பாருங்கள். இதை முன்னோட்ட ஆய்வு என்பார்கள். அப்போது விடையைவிட முகத்தைக் கவனியுங்கள். எந்தக் கேள்வியில் "நீங்க என்ன கேக்குறீங்க?" என்று திருப்பிக் கேட்கிறார்கள், எதில் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது வகைக் கேள்வியைச் சொல் மாற்றி எழுத வேண்டும். இரண்டாவது வகைக் கேள்வியை அவர் தனியாக இருக்கும்போது மறுபடி கேட்க வேண்டும்.